யாருக்குப் போகிறது இந்த அசைன்மென்ட்?

கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் கல்லூரியில் முதலில் நடப்பது கோப்புகளைப் பங்கிடுவதுதான். மொத்தம் ஏழு கிரைட்டீரியன். இரண்டாவது, கற்பித்தல், கற்றல், மதிப்பீடு. மூன்றாவது, ஆராய்ச்சியும் அதைச் சார்ந்தவையும். இரண்டுக்கும் தனித்தனிப் பொறுப்பாசிரியர்கள், தனித்தனி கூகுள் டிரைவ். பாட அட்டவணை, எல்எம்எஸ் ஸ்கிரீன்ஷாட், மாணவர் கருத்துப் படிவம் எல்லாம் இரண்டாவதில் ஏறும். ஸ்கோபஸ் கட்டுரை, ஐஎஸ்எஸ்என் எண், பிஎச்டி வழிகாட்டுதல் மூன்றாவதில். ஒரே ஆசிரியர் காலையில் வகுப்பெடுத்திருப்பார், மாலையில் கட்டுரை எழுதியிருப்பார். அவருடைய ஒரு நாள் கோப்புகளில் இரண்டு துண்டாகத்தான் கிடக்கும். அந்த வகுப்புக்கும் இந்தக் கட்டுரைக்கும் ஏதாவது உறவு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பலருக்குச் சங்கடமாகிவிடும்.

நல்ல ஆராய்ச்சியாளர் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்பது பல்கலைக்கழகங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பழைய பெருமை. ஜான் ஹாட்டியும் ஹெர்பர்ட் மார்ஷும் 1996இல் இதை எண்களில் உரசிப் பார்த்தார்கள். அதுவரை வந்திருந்த 58 ஆய்வுகளைத் திரட்டி, ஒருவரின் ஆராய்ச்சித் திறனுக்கும் கற்பித்தல் திறனுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டபோது கிடைத்த எண் 0.06. பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு வேலையையும் பிரித்து இரண்டு வகை ஆட்களிடம் கொடுத்துவிடலாமே என்று வாதிடுகிறவர்களுக்கு இந்த எண் வசதியாகப் போயிற்று. எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. ஆராய்ச்சியால் கற்பித்தல் கெட்டதாகவும் அந்த எண் சொல்லவில்லை. ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்துவிட்டால் தாமாகவே கலந்துகொள்ளும் என்ற நம்பிக்கைதான் பொய்த்தது. கலக்க வேண்டிய இடம் ஆசிரியரின் தலைக்குள் இல்லை. மாணவரின் கையில் நாம் கொடுக்கும் வேலையில் இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய என்ன கருவி தருகிறோம், செய்து முடித்ததும் அது எங்கே போகிறது என்பதில் இருக்கிறது.

ஆராய்ச்சியும் கற்பித்தலும் பிரியக்கூடாது என்பதற்கு ஆதாரம் தேடுகிறவர்கள் வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட்டில்தான் தொடங்குவார்கள். 1810இல் திறக்கப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகத்துக்காக அவர் எழுதிய குறிப்பில், ஆசிரியர் மாணவருக்காக இருப்பவர் அல்ல, இருவருமே அறிவுத் தேடலுக்காக அங்கே இருப்பவர்கள் என்ற கருத்து வருகிறது. அந்தக் குறிப்பு முற்றுப்பெறாதது. அவர் காலத்தில் அச்சேறவும் இல்லை. இன்று துணைவேந்தர் உரைகளில் அதற்கு நல்ல கிராக்கி. ஆனால் அந்த எண்ணத்தைக் கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி செய்துகாட்டிய இடம் பெர்லின் இல்லை, கீசன் என்ற சின்ன ஊர்.

யுஸ்டஸ் லீபிக் 1824இல் அங்கே வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தபோது வயது 21. படைவீரர் குடியிருப்பின் பழைய காவல் கட்டடம்தான் ஆய்வகம். அப்போது கரிமச் சேர்மம் ஒன்றில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கண்டறிவது பெரிய வித்தை. எரித்து வரும் வாயுவைப் பாதரசத்தின் மேல் சேகரித்துக் கன அளவு எடுக்க வேண்டும். கை பழகிய சில மேதைகளுக்கு மட்டுமே நம்பகமான விடை கிடைக்கும். 1831இல் லீபிக் ஒரு கண்ணாடிக் கருவி செய்தார். முக்கோணமாக வளைத்த குழாய், அதில் ஐந்து குமிழ்கள், உள்ளே காஸ்டிக் பொட்டாஷ் கரைசல். பொருளைக் காப்பர் ஆக்சைடோடு கலந்து நீண்ட குழாயில் இட்டுக் கரி நெருப்பில் எரிப்பார்கள். வெளிவரும் நீராவியை வழியிலேயே கால்சியம் குளோரைடு பிடித்துக்கொள்ளும். கார்பன் டைஆக்சைடு ஐந்து குமிழ்களிலும் குமிழியிட்டுக்கொண்டே போய்க் கரைசலில் அடங்கிவிடும். எரிப்பதற்கு முன் ஒரு எடை, பின் ஒரு எடை. அவ்வளவுதான். வாயுவை அளக்க வேண்டிய வேலை, தராசில் நிறுக்கிற வேலையாக மாறிவிட்டது.

இது ஆராய்ச்சிக் கருவியா, கற்பித்தல் கருவியா? கீசனில் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போனது. மேதைக்கு மட்டும் வாய்த்த துல்லியம், சில மாதம் பயின்ற மாணவனுக்கும் வாய்த்தது. கண்ணாடி ஊதப் பழகியவன் கருவியைத் தானே செய்துகொள்ளலாம். அவன் எடுத்த எண்ணை மற்றவர்கள் நம்பலாம். நம்பத்தக்கது என்பதால் வெளியிடலாம். வெளியிட லீபிக்கின் கையில் சொந்தமாக ஒரு ஆய்விதழே இருந்தது. கருவி, விடை தெரியாத பொருள், விடையை எதிர்பார்க்கும் இதழ் என்ற மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தன. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் அந்தச் சிற்றூருக்கு வந்து குவிந்தார்கள். அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னத்தில் அந்த ஐங்குமிழ்க் கருவி இன்றும் இருக்கிறது.

கீசனின் ஒரு பாதி நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. அங்கே புதிய மாணவர்கள் முதலில் எழுத்துக்குறியிட்ட குப்பிகளில் இருக்கும் பொருள்கள் என்னவென்று கண்டுபிடித்துப் பழக வேண்டும். லீபிக்கின் உதவியாளராக இருந்த ஃபிரெசீனியஸ் 1841இல் வெளியிட்ட பண்பறி பகுப்பாய்வு நூல் அந்தப் பயிற்சியை ஒழுங்குபடுத்திய நூல்களில் முதன்மையானது. பிளஸ் டூவிலும் பிஎஸ்சியிலும் நாம் செய்த சால்ட் அனாலிசிஸ் அந்த மரபில் வந்ததுதான். கீசனில் அது முன்பயிற்சி. அதை முடித்த மாணவனுக்கு யாருக்கும் விடை தெரியாத ஒரு சொந்தச் சிக்கல் கிடைக்கும். நம்மிடம் முன்பயிற்சி மட்டும் வந்து தங்கிவிட்டது. அதற்குப் பின் வர வேண்டியது வரவே இல்லை.

அதன் விளைவை எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் பார்க்கலாம். தேர்வு நாளில் எந்தச் சோதனைக் குழாயில் எந்த உப்பு என்பது லேப் உதவியாளருக்குத் தெரியும். அவர் முகத்தைப் படிப்பது பழுப்பு வளையச் சோதனையைவிடச் சீக்கிரம் பலன் தரும். டைட்ரேஷனில் விடை எவ்வளவு வர வேண்டும் என்று சீனியர் நோட்டில் இருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு பியூரெட் ரீடிங்கை எழுதுவார்கள், மூன்றாவது முறையும் அதே எண் வந்ததாக. மாணவர்களின் நேர்மையைக் குறைசொல்லி இதைக் கடந்துவிட முடியாது என்று நினைக்கிறேன். விடை ஏற்கெனவே ஒருவர் பையில் இருக்கும்போது, அதை அளந்து கண்டுபிடி என்று சொல்வது விளையாட்டு. பிள்ளைகள் விளையாட்டின் உண்மையான விதியைப் புரிந்துகொண்டு ஆடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கும், கையெழுத்து வாங்கியிருக்கும், அந்த எண்களை உலகத்தில் ஒருவரும் பயன்படுத்தப் போவதில்லை.

இந்தப் பிளவுக்கு வரலாறும் உண்டு. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கியபோது முன்மாதிரி பெர்லின் இல்லை, அன்றைய லண்டன் பல்கலைக்கழகம். அது பாடம் நடத்தாது. தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் கல்லூரிகளின் பொறுப்பு. 1904ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆராயவும் வழி திறந்தது. அது வேர்பிடித்து வளர்வதற்குள் 1942இல் சிஎஸ்ஐஆர், பின்னர் அணுசக்தித் துறை என்று ஆராய்ச்சி தனிக்கூடங்களுக்குக் குடிபோனது. பல்கலைக்கழகங்களை வறளவிட்டு ஆய்வகங்களை வெளியே கட்டுவதை மேகநாத் சாகா கண்டித்துப் பார்த்தார், எடுபடவில்லை. தேர்வு ஓரிடத்தில், பாடம் ஓரிடத்தில், ஆராய்ச்சி ஓரிடத்தில். 2006இலிருந்து வந்த ஐசர் நிறுவனங்கள் இந்தத் தையலைச் சரிசெய்யத்தான் உருவாயின. அவை சில ஊர்களில் இருக்கின்றன. இணைவுக் கல்லூரிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

இந்த நிலத்தில்தான் கற்றல் தொழில்நுட்பம் வந்து இறங்கியது. மூடுலை எடுத்துக்கொள்வோம், நம் கல்லூரிகளில் எல்எம்எஸ் என்று சொன்னால் பெரும்பாலும் அதுவோ கூகுள் கிளாஸ்ரூமோதான். மூடுலை உருவாக்கிய மார்ட்டின் டூஜியாமாஸ் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். சிற்றலை வானொலி வழியே பள்ளிப்பாடம் கேட்டவர். பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் விலைக்கு வாங்கிய வேறொரு மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் இருந்துகொண்டே, இணையவழிக் குழுக்கள் கூடி எப்படி அறிவை உருவாக்குகின்றன என்று ஆராயத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சியோடு சேர்ந்து பிறந்ததுதான் 2002இல் முதல் பதிப்பாக வந்த மூடுல். ஆராய்ச்சியும் கற்பித்தலும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. உள்ளே திறந்து பார்த்தால் அதன் குணம் தெரியும். மாணவர்களே கலைச்சொல் பதிவுகளை எழுதிச் சேர்க்க 'குளோசரி', ஒருவர் எழுதியதை மற்றவர்கள் மதிப்பிட 'வொர்க்‌ஷாப்', கூடித் தரவு சேகரிக்க 'டேட்டாபேஸ்', கூடி எழுத 'விக்கி' எல்லாம் இருக்கின்றன.

நம் கல்லூரிகளில் இவை பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. நடப்பது மூன்று: பிபிடி ஏற்றுவது, கொள்குறி வினாவில் குவிஸ் வைப்பது, அசைன்மென்ட் பெறுவது. பிபிடி மேலிருந்து கீழே வருகிறது. அசைன்மென்ட் கீழிருந்து மேலே போய் நின்றுவிடுகிறது. மதிப்பெண் விழுந்ததும் அதன் ஆயுள் முடிந்தது. பெறுநர் முகவரி இல்லாமல் தபாலில் போடும் கடிதத்தைப் போல, எழுதும்போதே எழுதுகிறவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஆசிரியருக்காக எழுதுகிறோம் என்றுகூட மாணவர் நினைப்பதில்லை, இன்டர்னல் மார்க்குக்காக எழுதுகிறார். சாட்ஜிபிடி வந்த பிறகு, அசைன்மென்ட்டை மாணவர் எழுதினாரா இயந்திரம் எழுதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே ஆசிரியர் ஓய்வறைகளில் பேச்சு. யாரும் காத்திருக்காத ஒரு எழுத்தை இயந்திரம் எழுதினால் என்ன குறைந்துவிட்டது என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். பொறியியல் மாணவர்களுக்கு இது புதிதும் இல்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைத் தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவுக்கான கேள்வி பதில் உட்பட விலைக்குத் தரும் ப்ராஜெக்ட் சென்டர்கள் இயந்திரத்துக்கு முன்பே இருந்தன.

வேறு மாதிரி ஒரு பாடம் அமைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு ஃபேஜ் வேட்டை. அமெரிக்காவின் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008இல் தொடங்கியது. அறிவியல் தலைமை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல். பாடம் யாருக்கு என்பதில்தான் துணிச்சல் இருக்கிறது. கல்லூரிக்குள் நுழைந்த முதலாண்டு மாணவர்களுக்கு.

முதல் பருவத்தில் மாணவர் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்தோ தெருவோரத்திலிருந்தோ ஒரு பிடி மண் எடுத்துவர வேண்டும். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். மண்ணைத் திரவத்தில் குலுக்கி, 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் வடித்தால் பாக்டீரியா மேலே தங்கிவிடும், வைரஸ் கீழே இறங்கும். அந்த வடிநீரோடு, காசநோய்க் கிருமியின் சாதுவான உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸைச் சேர்த்து, இளகிய அகாரில் கலந்து தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் வைக்க வேண்டும். ஓரிரு நாளில் தட்டு முழுக்கப் பாக்டீரியா மங்கலான படலமாகப் பரவியிருக்கும். அந்தப் படலத்தில் எங்காவது ஊசி குத்தியது போலத் தெளிந்த வட்டம் தெரிந்தால், அங்கே பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ், அதாவது ஃபேஜ், ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் இதுவரை எவரும் கண்டிராத ஒன்று. கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம். பெயர், இடம், படம் எல்லாம் பொதுத் தரவுத்தளத்தில் ஏறும். ஃபேஜின் ஒரு குப்பி ஆய்வகக் குளிர்பெட்டிக்குப் போகும்.

இரண்டாம் பருவம் கணினியில். வகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்த ஃபேஜின் மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தப்பட்டு வந்திருக்கும். ஒவ்வொரு மரபணுவும் எங்கே தொடங்குகிறது என்று மாணவர்கள் முடிவுசெய்ய வேண்டும். மென்பொருள் ஒரு தொடக்கத்தைச் சொல்லும், இன்னொரு மென்பொருள் வேறொன்றைச் சொல்லும். நெருங்கிய ஃபேஜ்களில் மற்ற மாணவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்றும் பார்க்கலாம். ஏன் இதைத் தேர்ந்தேன் என்று காரணம் எழுத வேண்டும். அனுபவசாலிகள் சரிபார்த்த பிறகு அது ஜென்பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்தப்போகிறவர் அந்த மாணவரைப் பார்த்திருக்கமாட்டார், அவர் வாங்கிய மதிப்பெண்ணும் அவருக்குத் தெரியாது. பிழை இருந்தால் அவருடைய வேலை கெடும். கவனமாகச் செய் என்று ஆசிரியர் நூறு முறை சொல்வதைவிட இந்த ஒரு தகவல் அதிகம் வேலை செய்கிறது.

எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். 2010இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிக் கிடந்த கத்திரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு ஃபேஜ் எடுத்தார். 'மடி' என்று பெயர், சேறு படிந்தது என்ற பொருளில். அது ஹாட்ஃபுல்லின் சேகரிப்பில் பல ஆண்டு உறைந்து கிடந்தது. 2018இல் லண்டனில் நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத மைக்கோபாக்டீரியத் தொற்றோடு போராடிய 15 வயதுச் சிறுமிக்கு மூன்று ஃபேஜ்களைக் கலந்து கொடுத்தார்கள். மூன்றில் ஒன்று மடி. சிறுமியின் உடல்நிலை தேறியது, அடுத்த ஆண்டு நேச்சர் மெடிசின் இதழில் அந்த விவரம் வந்தது. இது அபூர்வம். சேகரித்த ஆயிரக்கணக்கான ஃபேஜ்களில் பெரும்பாலானவை யாருடைய உயிரையும் காப்பாற்றப் போவதில்லை. இந்தக் கதையை மட்டும் சொல்லிப் பாடத்தை விற்பது நியாயமில்லை.

கேள்விகளும் இருக்கின்றன. 2015இல் பழ ஈயின் மரபணுத்தொகுதி பற்றி இதே போன்ற இன்னொரு கூட்டுத் திட்டத்திலிருந்து வந்த கட்டுரையில் ஆசிரியர்கள் 1,014 பேர், அதில் 900க்கும் மேல் இளங்கலை மாணவர்கள். இதெல்லாம் ஆசிரியத்துவமா என்று முணுமுணுப்பு எழுந்தது. பிஎச்டி மாணவர் எழுதிய கட்டுரையில் கைடின் பெயர், துறைத்தலைவர் பெயர், சில நேரம் முதல்வர் பெயரும் வரிசைகட்டி நிற்கும் ஊரிலிருந்து பார்த்தால், வேலை செய்தவர்கள் பெயர் கூடிவிட்டதே என்ற கவலை எனக்கு விநோதமாகத்தான் படுகிறது. கூர்மையான கேள்வி வேறு: மாணவர்கள் கைகளாக மட்டும் பயன்படுகிறார்களா? கீசனிலும் அது இருந்தது. கேள்வியைக் கேட்டவர் லீபிக், எடை போட்டவர்கள் மாணவர்கள். ஃபேஜ் பாடத்திலும் கேள்வி பிட்ஸ்பர்க்கில் பிறந்துவிட்டது. மாணவர் தன் கேள்வியைத் தானே உருவாக்குவதுதான் ஆராய்ச்சி என்று கறாராகச் சொல்பவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். முதலாண்டு மாணவரிடம் நல்ல கேள்வி பிறக்கும் வரை காத்திருந்தால் அவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார் என்பது என் எண்ணம். விடை தெரியாத ஒன்றை ஒழுங்காகச் செய்து பார்த்தவருக்குத்தான் கேள்வி பிறக்கிறது.

இதற்கெல்லாம் ஹோவர்டு ஹியூஸ் பணம் வேண்டுமே என்பார்கள். தமிழில் இதைப் பணமே இல்லாமல், பல்கலைக்கழகத்துக்கு வெளியே செய்துகாட்டிய ஒருவர் இருந்தார். நா. வானமாமலை பாளையங்கோட்டையில் டுடோரியல் கல்லூரி நடத்தினார். தேர்வில் தவறியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது பிழைப்பு. 1960களின் பிற்பகுதியில் அவரைச் சுற்றி நெல்லை ஆய்வுக்குழு கூடியது. ஆசிரியர்கள், மாணவர்கள், வேறு வேலை பார்த்தவர்கள் எனப் பலரும் நாட்டார் பாடல், கதைப்பாடல், சாதி வரலாறு என்று களத்தில் திரட்டி வந்ததைக் கட்டுரையாகப் படிப்பார்கள், விவாதிப்பார்கள், திருத்துவார்கள். 'ஆராய்ச்சி' என்ற இதழ் அதை அச்சிட்டது. லீபிக்கிடம் இருந்த மூன்றும் இங்கேயும் இருந்தன, கருவி மட்டும் காதும் நோட்டுப் புத்தகமும். நாட்டார் வழக்காற்றியல் பின்னர் தமிழகப் பல்கலைக்கழகங்களில் துறையாக வளர்ந்ததில் அந்தக் குழுவில் பயின்றவர்களுக்குப் பெரும் பங்குண்டு. துறைகளில் அந்த இதழின் பெயர் இப்போது நெட் தேர்வுக்கான ஒருவரி வினா.

இன்று எம்ஏ தமிழில் சுவடியியல், பதிப்பியல் என்று தாள்கள் இருக்கின்றன. உ.வே.சா. எப்படிப் பாடவேறுபாடு குறித்தார், சி.வை. தாமோதரம் பிள்ளை எப்படிப் பதிப்பித்தார் என்று ஐந்து யூனிட்டில் பாடம் நடக்கும். மாணவர் ஒரு பக்கத்தைக்கூடப் பதிப்பிக்காமல் தாளில் தேறிவிடலாம். இதே நேரத்தில் தமிழ் விக்கிமூலத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் ஆயிரக்கணக்கில் மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லாமல் கிடக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு புறம் பழைய அச்சுப் பக்கத்தின் படம், மறுபுறம் ஓசிஆர் படித்த எழுத்து. இயந்திரம் துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப்போட்டிருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை வடிவங்களைக் கண்டு குழம்பியிருக்கும். இவற்றைத் திருத்துவது பொறுமை மட்டும் வேண்டிய வேலை. அடுத்து வருவதுதான் பாடம். படத்தில் தெரியும் சந்தி அச்சுக்கோத்தவர் விட்ட பிழையா, ஆசிரியரின் நடையா? திருத்தலாமா, உள்ளபடி விடலாமா? செய்யுள் அடி முறிந்திருப்பது தாளின் அகலத்தாலா, யாப்பாலா? பதிப்பியல் வகுப்பில் ஐந்தாவது யூனிட்டில் வாய்ப்பாடாக வருவது இங்கே ஒவ்வொரு பக்கத்திலும் முடிவெடுக்க வேண்டிய காரியமாக வந்து நிற்கும்.

அந்தத் தளத்தின் அமைப்பே ஒரு பாடத்திட்டம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்ததும் மஞ்சள். இரண்டாமவர் ஒருவர் சரிபார்த்தால்தான் பச்சை. தான் மஞ்சளாக்கியதைத் தானே பச்சையாக்க முடியாது. யார் எந்த எழுத்தை எப்போது மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும். சக மாணவர் இன்னொருவரின் பக்கத்தைத் திறந்து, நீ விட்ட ஒற்றை இங்கே சேர்த்தேன் என்று எழுதுவார். முகம் தெரியாத ஒருவர், ஏற்காட்டிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ, இந்தச் சொல்லைத் திருத்தாதீர்கள், நாஞ்சில் வழக்கு என்று மறுப்பார். இதைப் பாடமாக்கப் புது மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

விலங்கியல் துறைகளுக்கும் கையருகே ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் வளாகப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் தனியாக ஒன்று நடத்துகிறார்கள். பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி இபேர்டு செயலியில் ஏற்ற வேண்டும். இல்லாத பருவத்தில் ஒரு பறவையைப் போட்டாலோ எண்ணிக்கை நம்பும்படி இல்லாவிட்டாலோ செயலி கேட்கும், பிறகு அந்த வட்டாரத்தின் சரிபார்ப்பாளர் கேட்பார்: எப்படி அடையாளம் கண்டீர்கள், படம் உண்டா? மூன்று கோடிக்கும் மேற்பட்ட இத்தகைய பதிவுகளிலிருந்துதான் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது. கல்லூரி வளாகத்து வேப்ப மரத்தில் எண்ணிய மைனாவும் அந்தக் கணக்கில் சேரும். பல கல்லூரிகள் இதில் கலந்துகொள்கின்றன, ஆனால் என்எஸ்எஸ் நிகழ்ச்சியாக, சான்றிதழோடு. பாடத்துக்குள் அது வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்று கேட்டால் தொழில்நுட்பத்தையோ ஆசிரியரின் ஆர்வத்தையோ யாரும் குறை சொல்வதில்லை. எல்லோரும் தேர்வைத்தான் காட்டுகிறார்கள். இன்டர்னல் 25, எக்ஸ்டெர்னல் 75 என்ற பங்கீட்டில், 75க்கான வினாத்தாளை அந்த வகுப்பைப் பார்த்திராத ஒருவர் தயாரிக்கிறார், விடைத்தாளை இன்னொருவர் திருத்துகிறார். விடைக்குறிப்பு இருந்தால்தான் திருத்த முடியும். விடைக்குறிப்பு இருக்க வேண்டுமானால் விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1857இல் லண்டனிலிருந்து வந்த அமைப்பின் பிடி இன்னும் தளரவில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் 1978 முதல் தமிழகத்தில் இருக்கின்றன. பாடத்திட்டமும் தேர்வும் அவர்கள் கையில். அங்கேயும் அதே ஐந்து யூனிட், அதே பங்கீடு. சுதந்திரம் கொடுத்தாலும் பழைய அளவுக்கே தைத்துப் போட்டுக்கொள்கிறோம்.

இரண்டு கிரெடிட் விருப்பத்தாள் ஒன்றில் தொடங்கலாம் என்பது என் யோசனை. எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒரு பருவத்தில் விக்கிமூலத்தில் ஒரு நூல், முப்பது மாணவர்கள். மஞ்சளாக்கிய பக்கங்கள், பச்சையாக்கிய பக்கங்கள், வரலாற்றுப் பதிவு, திருத்தியதற்கும் திருத்தாமல் விட்டதற்கும் காரணம் எழுதிய ஒரு குறிப்பேடு ஆகியவற்றை வைத்து மதிப்பெண். ஆசிரியருக்கு இதில் வேலை குறையாது. வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்கும் உதவிப் பேராசிரியர், முப்பது பேரின் பதிவையும் வாரந்தோறும் திறந்து படிக்க வேண்டும். ஒரு வட்டாரச் சொல்லைப் பற்றி மாணவர் கேட்டால், தெரியவில்லை, அகராதிகளைப் பார்ப்போம் என்று வகுப்பில் வைத்தே சொல்ல வேண்டியும் வரும். நம் வகுப்பறைப் பண்பாட்டில் அது லேசான காரியம் இல்லை.

பாடத்திட்டக் குழுவில் இதைக் கொண்டுபோனால் முதலில் வரப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்: ஒரு மாணவர் எடுத்துக்கொண்ட பக்கங்கள் எளிதாக அமைந்து, இன்னொருவருக்குச் சிதைந்த பக்கங்களாகவே வாய்த்தால் மதிப்பெண்ணை எப்படிச் சமமாக்குவது? ஃபேஜ் பாடத்திலும் இதே சிக்கல் உண்டு. சிலருடைய மண்ணில் எதுவுமே கிடைப்பதில்லை. வட்டம் ஒன்றும் விழாத தட்டு. அவர்கள் வேறு மண் எடுத்துவந்து பார்ப்பார்கள், அப்போதும் கிடைக்காவிட்டால் வகுப்புத் தோழர் ஒருவரின் ஃபேஜைத் தத்தெடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். தேடிய விதத்துக்கும் எழுதிவைத்த குறிப்புக்கும் மதிப்பெண் உண்டு. வட்டம் விழாத தட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்ற பொருள் நம் பாடத்திட்டக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏறினால், அன்றைக்கு மதியச் சாப்பாடு நிச்சயம் தாமதமாகும்.